நாலு குரலில் அழுத பிள்ளை

உப்பனூர்ப் பழைய வேதக்கோயிலில் பிள்ளை அழுதால் தாய் எழுந்து வெளியே போய்விட வேண்டும். எந்தப் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஞானப்பாட்டுக்கு நடுவிலோ பிரசங்கத்துக்கு நடுவிலோ ஒரு பிள்ளை வாயைத் திறந்துவிட்டால் போதும், மணி அடிக்கிற கோயில்பிள்ளை ஆசீர்வாதம் தூணோரமாகவே நடந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், கதவுப் பக்கம் கையை நீட்டுவார். அந்தக் கையைக் கண்டதும் தாய்க்காரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எதையோ திருடி அகப்பட்டவள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு, வெளியே பூவரச மரத்தடியில் விரித்திருக்கும் கோரைப் பாயில் போய் உட்கார்ந்துகொள்வாள். தகப்பன்மார் உள்ளேயே இருப்பார்கள். பிள்ளை அவர்களுக்கும்தானே பிள்ளை என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

எப்சிபாவுக்கு அந்தப் பாயின் ஒவ்வொரு கோரையும் தெரியும். மூத்தவள் கெசியா பிறந்து நடை பழகுகிற வரைக்கும் அவள் கேட்ட பிரசங்கமெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டதுதான், பாதிக்குக் காற்று வந்து அடித்துக்கொண்டு போய்விடும். அவள் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போனவள். நாலு பேர் முன்னால் பேரைக் கேட்டால், தன் நெஞ்சைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். அப்படிப்பட்ட கூச்சக்காரிக்குத்தான் ரெண்டாவதாக ஒரு ஆண்பிள்ளை பிறந்து, யோவேல் என்று பேரும் வைத்து, மூன்றாம் மாசம் நடக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் அந்தப் பிள்ளை நாலு குரலில் அழுதது.

பின்கட்டில் பிள்ளையின் துணிகளைச் சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள் எப்சிபா. உள்ளே தொட்டிலிலிருந்து மெல்லிசாக ஒரு குரல் எழும்பி, மேலே போய், ஒரு வளைவு வளைந்து இறங்குகிற நேரத்தில், அதற்குக் கீழே ரெண்டாவது குரல் அதே வளைவைப் பிடித்துக்கொண்டு கிளம்பியது. அது வளைகிற நேரத்தில் மூன்றாவது. அது வளைகிற நேரத்தில் நாலாவது, அடுக்களையில் கவிழ்த்து வைத்த அலுமினியச் சட்டியெல்லாம் கூடச் சேர்ந்து முனகுகிற அளவுக்குத் தாழ்வான ஒரு குரல். ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு, பிடிக்கப் போய் விட்டுவிட்டு, விட்டதைத் திரும்பத் தேடிக்கொண்டு, நாலும் ஒரே சின்ன வாயிலிருந்து வந்தன. எப்சிபா சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்து வாசல்படியில் நின்றாள். நின்றுவிட்டாள். தூக்க வேண்டிய கை தூக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அது துக்கத்தில் வந்ததில்லை. ரவிக்கை நனைந்து வயிற்றில் பால் வழிந்த பிறகுதான் அவளுக்குப் பிள்ளை ஞாபகமே வந்தது. எடுத்து மடியில் போட்டாள். நாலு குரலும் ஒவ்வொன்றாக அடங்கின.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் சலோமி எட்டிப் பார்த்தாள்.

"ஏ எப்சி, ரேடியோ எப்ப வாங்கினீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"ரேடியோ இல்ல அண்ணி. சின்னவன் அழுதான்."

"சரிதான்," என்றாள் சலோமி. "எங்கப்பாவுக்கும் கணீர்னு தொண்டை."

அவ்வளவுதான் ஆச்சரியம். உப்பனூரில் அதற்கு மேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. எப்படி வந்தது, ஏன் வந்தது என்று கேட்கவில்லை. எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். டீக்கடை காதர் பாய் பெஞ்சைத் தூக்கி அவள் வீட்டைப் பார்த்துப் போட்டார். மீன் ஏலம் கூவுகிறவன் பிள்ளையின் சத்தம் வந்தால் கூவலை நிறுத்தி, அது அடங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். பத்தரை மணி பஸ்ஸின் கண்டக்டர் அந்தத் தெரு முனையில் என்ஜினை அணைக்கச் சொன்னார். அவசரமாகப் போகிறவர்களும் முணுமுணுக்கவில்லை. பிள்ளையார் கோயில் நாகஸ்வரக்காரர் தெட்சிணாமூர்த்தி ஒரு நாள் வந்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மேல மூணும் எங்க வேணா அலையட்டும், கீழ ஒண்ணு நம்ம ஒத்து மாதிரி ஒரே சுரத்தைப் புடிச்சிட்டு நிக்குது பாருங்க" என்று சொல்லி, பிள்ளையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். தெரு நாய்கள்கூட அந்த நேரத்தில் முன்னங்காலை நீட்டி உட்கார்ந்துகொண்டன.

பிறகு ரோஸ்லின் டீச்சர் வந்தார். பழைய கோயிலில் பாடகர் குழுவும் ஓய்வுநாள் பள்ளியும் அவர் பொறுப்பு. சென்னையில் பியானோ படித்தவர். கல்யாணம் வேண்டாம் என்று ஹார்மோனியத்தோடு உட்கார்ந்துவிட்டவர். கோயில் மாடியில் ஒரு குழாய் ஆர்கன் உண்டு, கப்பலில் வந்த வெள்ளைக்காரக் குருமார் கொண்டுவந்தது, அதன் துருத்தியை எலி தின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. அதைப் பார்த்துப் பார்த்தே டீச்சருக்குத் தலை நரைத்தது என்று சொல்வார்கள். அவர் வந்த நேரம் பிள்ளை நல்ல பசியில் இருந்தது. கேட்டுக்கொண்டே அவர் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளி மேல் உட்கார்ந்தார்.

"எப்சி, ஜெர்மனியில பாக்னு ஒருத்தர் இருந்தார். முந்நூறு வருஷம் ஆச்சு. இப்படித்தான் எழுதுவார். ஒரு குரல் முன்னால ஓடும், மத்தது அதையே சொல்லிட்டு பின்னால துரத்தும். இது அவர் எழுதினதுல எதுலயும் இல்ல. ஆனா அவர் எழுதியிருக்க வேண்டியது." மூக்கைச் சிந்தினார். "ஏன் நிப்பாட்டிட்டே?"

"பால் குடுத்தேன் டீச்சர்."

"அடடா," என்றார் டீச்சர், எதையோ கீழே போட்டு உடைத்துவிட்டது போல.

அன்றிலிருந்து ஊர் அந்த அழுகையைப் படிக்கத் தொடங்கியது. துணி நனைந்தால் ரெண்டு குரல். தூக்கம் வந்தால் மூன்று, அதிலும் ஒன்று சோம்பல். கொசு கடித்தால் ஒரே குரல், ஆனால் வேகமாக ஓடும். பசித்தால்தான் நாலும். பசிதான் உசத்தி என்று ஊர் முடிவு செய்துகொண்டது. மற்ற ஊரில் வாசலில் நின்று சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள் இல்லையா, இங்கே "இன்னும் பால் குடுத்துடலையே?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். வருகிறவர்கள் வெறுங்கையோடும் வரவில்லை. கிலுகிலுப்பை, வெள்ளைக் குல்லா, காலுக்குக் கொலுசு என்று கொண்டுவந்தார்கள். அவள் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினால், "சித்த பொறு எப்சி" என்றார்கள். "இப்பத்தான் மூணாவது வந்திருக்கு" என்றார்கள். சலோமி பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தாய் வாசம் பட்டால் குரல் குறைந்துவிடும் என்று அவளைப் பின்கட்டுக்கு அனுப்பினாள்.

"பால் எங்க ஓடியா போயிடப் போவுது?" என்றாள். "ஊரே சந்தோஷமா இருக்கு. உனக்கு மட்டும் என்னடி வருத்தம்?"

எப்சிபா பின்கட்டில் கல்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஊரே சந்தோஷமாக இருக்கும்போது வருத்தப்படுகிறவள் கெட்டவளாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் புருஷன் தேவநேசன் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் பனிக்கட்டிப் பார் உடைக்கிறவன். நல்லவன், ஆனால் நாலு பேர் தோளில் தட்டினால் உருகிவிடுகிற நல்லவன். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு நாள் போனில் பிடித்தான், முழுக்கப் பிடித்தான். அதற்கு முன்னால் அன்று மத்தியானம் வீட்டு வாசலில் தெருக்காரர்களைக் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டினான். போனிலிருந்து வந்தது ஒரே ஒரு குரல். பசித்த பிள்ளை, பசித்த பிள்ளை எல்லாம் எப்படி அழுமோ அப்படி அழுதது. முதலில் கூப்பிட்டது, பிறகு கத்தியது, பிறகு மூச்சு வாங்கி மூச்சு வாங்கி வீறிட்டது, பிறகு தொண்டை கட்டி, இனிமேல் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டது மாதிரி விம்மியது. பின்னால் ஒரு பொம்பளை "ஆஹா" என்று சொல்கிற சத்தமும் விழுந்திருந்தது.

"ஐய, நிறுத்துப்பா, காதக் கிழிக்குது," என்றார் காதர் பாய்.

"போன் சரியில்ல, மாமா. பழைய போனு," என்றான் தேவநேசன்.

வேறு போனில் பிடித்தார்கள். உள்ளூர் கேபிள் டிவிக்காரன் பஞ்சு வைத்த மைக்கோடு வந்து பிடித்தான். எதில் பிடித்தாலும் அதே அழுகைதான். மெஷினுக்கெல்லாம் சங்கீதம் எங்கே புரியப் போகிறது என்று சொல்லி ஊர் அதை விட்டுவிட்டது.

எப்சிபாவால் விட முடியவில்லை. போனிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் அவள் மார் கல்லாகக் கனத்து, ரெண்டு பக்கமும் பால் தானாக இறங்கியது. பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஓடிப்போய் எடுத்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பாட்டு கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் நாலு குரல். அவளுக்கு ஒரு பிள்ளை அழுகிற சத்தம். முதல் நாள் நுரைக் கையோடு நின்றாளே, அந்த நேரத்திலும் அடியில் இதுதானே இருந்திருக்கும் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பிறகு அந்த ஆத்திரம் தன்னை விட்டுவிட்டுத் தெரு முழுக்கப் பரவியது. ஆனால் வாய்க்கு மட்டும் வரவில்லை.

பிள்ளைக்கு எடை பார்க்க வந்த நர்சம்மா தராசைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா இது, போன மாசத்துலயே நிக்குது? பசிக்கப் பசிக்கக் குடுக்கணும்னு சொன்னேன்ல? அழ விடாத." சொல்லிவிட்டுப் பையை மூடினார். பிறகு கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப அழற நேரம்தானா? ஒரு தடவை கேட்டுட்டுப் போறேனே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி விடுகிற நேரம் கெசியாவைக் கூட்டிவரப் போன எப்சிபா, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே ரோஸ்லின் டீச்சர் ஒரு படத்தைச் சுவரில் மாட்டி, பிள்ளைகளுக்குப் பாக் தாத்தா கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், தலையில என்ன ஆட்டுக்குட்டி மாதிரி?"

"அது டோப்பா, பொய்முடி. அப்போ பெரியவங்க எல்லாரும் வெச்சிப்பாங்க. கேளுங்க. பாக் தாத்தாவுக்குப் பத்து வயசு நிறையறதுக்குள்ள அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. அண்ணன் வீட்டுல வளந்தார். அண்ணன் ஒரு பாட்டுப் புத்தகத்தை அலமாரியில பூட்டி வெச்சிருந்தார். இவர் கம்பிக்குள்ள கைய விட்டு, சுருட்டி வெளிய எடுத்து, நிலா வெளிச்சத்துலயே உக்காந்து ஆறு மாசமா பாத்து எழுதினார். எழுதி முடிச்சதும் அண்ணன் கண்டுபிடிச்சுப் புடுங்கிட்டார்."

"அய்யய்யோ!" என்றன பிள்ளைகள்.

"வளந்ததும், ஒரு பெரியவர் ஆர்கன் வாசிக்கறதைக் கேக்கறதுக்காக நானூறு கிலோமீட்டர் நடந்தே போனார்."

"பஸ் இல்லையா டீச்சர்?"

"இல்ல. வேற ஊர் வேலைக்குப் போறேன்னு சொன்னதுக்கு எஜமான் பிடிச்சு ஜெயில்ல போட்டான். அங்கயும் சோர்ந்து போகல. ரெண்டு மனைவி, முதல் மனைவி செத்த பிறகு ரெண்டாவது. மொத்தம் இருபது பிள்ளைங்க. பத்துப் பிள்ளைங்க சின்ன வயசுலயே இறந்துட்டாங்க. ஆனா பாக் தாத்தா வாரா வாரம் கோயிலுக்குப் புதுசு புதுசா..."

"டீச்சர்," என்று எழுந்தாள் கெசியா. ஆறு வயசு. தாயின் கூச்சம் அவளுக்கு ஒட்டவில்லை. "அந்தப் பத்துப் பேரோட பேரு என்ன?"

"அது பாடத்துக்கு வேண்டாம்மா."

"அவங்க அழுதாங்களா?"

"பிள்ளைங்கன்னா அழத்தான் செய்யும்."

"அப்போ அவங்கம்மா வெளியில பாயில உக்காந்தாங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றவள் சிரிக்கவில்லை. இருபதில் பத்து. கணக்குப் பாடம் மாதிரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாரே! பத்துத் தொட்டில், பத்துச் சின்னப் பெட்டி, அதற்கெல்லாம் பால் கட்டிப்போய்க் காய்ச்சலில் படுத்தவள் ஒருத்தி இருந்திருப்பாளே, ஒருத்தி இல்லை, ரெண்டு பேர். அவர்களை எந்தப் படத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள்? அந்தப் பிள்ளைகள் அழுத வீட்டில்தானே அந்த மனுஷன் உட்கார்ந்து எழுதினான். எது குரல், எது பிள்ளை என்று அவனுக்காவது தெரிந்திருக்குமா?

உள்ளே டீச்சர் முடித்துக்கொண்டிருந்தார். "கடைசிக் காலத்துல கண் தெரியாமப் போச்சு. நாலு குரல்ல ஒரு பாட்டு, பெரிய பாட்டு, எழுதிட்டே வந்தார். பாதியில நின்னுபோச்சு. முடிவு எப்படின்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, எப்சிபாவின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். தாகம் எடுத்தவர் தண்ணீர்க் குடத்தைப் பார்க்கிற பார்வை அது.

அந்த வாரமே கோயில்காரர்கள் எப்சிபா வீட்டுக்கு வந்தார்கள். பிரசங்கம் செய்கிற ஐயர் வந்தார், ரோஸ்லின் டீச்சர் வந்தார், ஆசீர்வாதம் வந்தார், இன்னும் கமிட்டிக்காரர்கள். கோயிலின் ஆண்டு விழா வருகிறது, பேராயர் வருகிறார், ஆர்கன் ஊமையாகக் கிடக்கிறது.

"கர்த்தர் ஊமை ஆர்கனைப் பாத்தார், இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளையத் தந்தார்," என்றார் ஐயர். "முதல்ல நம்ம பிள்ளைங்க பாக் ஐயா வாழ்க்கைய நாடகமா போடறாங்க. அது முடிஞ்சதும் தம்பி."

"ஒரே ஒரு விஷயம்," என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல். "இது வரைக்கும் அந்தப் பாட்டு ஒரு தடவை கூட முடியல. முடியப் போற நேரத்துல பால் குடுத்துடறாங்க. அன்னிக்கு முடியற வரைக்கும் விடணும். தானா முடியணும்."

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டான் தேவநேசன்.

"அது யாருக்குத் தெரியும்? காலையில குடுக்காம இருந்தா நல்லா வரும்."

பிள்ளைக்குப் பசிக்குமே. இந்த ரெண்டு வார்த்தை எப்சிபாவின் தொண்டை வரைக்கும் வந்தது. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தன் நெஞ்சைப் பார்த்தாள்.

"டீ போடட்டுமா?" என்றாள்.

"பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட தாய்!" என்றார் ஐயர். தேவநேசன் உருகிப்போனான்.

விழா நாளன்று விடியற்காலையிலேயே சலோமி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தாய் உள்ளே இருந்தால் வாசம் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி எப்சிபாவைப் பூவரச மரத்தடிப் பாயில் உட்கார வைத்தார்கள். அவள் பிள்ளை பலிபீடத்துக்கு முன்னால் பட்டுத் திண்டில் கிடக்க, அவள் மடியில் ஒன்றும் இல்லாமல் வெளியே உட்கார்ந்திருந்தாள். பாயில் மற்றத் தாய்மாரும் இருந்தார்கள். கட்டுமரக்காரன் பெண்சாதி பவுலினா ரெட்டைப் பிள்ளையோடு இருந்தாள், ஒன்று அழுது முடித்தால் மற்றது தொடங்கும்.

"என்னடி, ராஜாவப் பெத்தவளே, நீயும் இங்கதானா?" என்றாள் பவுலினா.

எப்சிபா ஜன்னலைப் பார்த்தாள்.

"ஆசீர்வாதம் அண்ணன் எனக்கு இன்னிக்கு ரெண்டு கையையும் நீட்டினாரு, ரெட்டைப் பிள்ளைன்னு. என் புள்ள அழுதா சனியன், உன் புள்ள அழுதா சங்கீதம். ரெண்டுக்கும் பசிதானடி? எப்ப குடுத்தே கடைசியா?"

"நேத்து ராத்திரி."

பவுலினா சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஒரு பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அட பாவிங்களா" என்று மட்டும் சொன்னாள்.

ஜன்னல் வழியாக நாடகம் தெரிந்தது. பஞ்சு டோப்பா வைத்த ஒரு பையன் தாளில் எழுதுவது போல உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி இருபது பிள்ளைகள் கை கோத்து ஓடி வந்தார்கள். டீச்சர் ஒரு மணியை அடித்தார். அதில் பத்துப் பிள்ளைகள் அப்படியே தரையில் படுத்தார்கள், அவர்கள் மேல் வெள்ளைத் துப்பட்டி ஒன்றை விரித்தார்கள். பத்துப் பேரில் கெசியாவும் ஒருத்தி. மீதிப் பத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடிப்போனார்கள். எழுதுகிறவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை, அப்படித்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அப்போது யோவேல் தொடங்கினான்.

உள்ளே இருந்தவர்கள் பிற்பாடு சொன்னது என்னவென்றால், அந்த மாதிரி ஒன்றை இந்தக் கடற்கரையில் யாரும் கேட்டதில்லை. நாலு குரலும் வந்து, நாலும் நாலு மடங்காகி, மாடியில் செத்துக் கிடந்த ஆர்கன் குழாயெல்லாம் தாமே ஊத ஆரம்பித்து, வவ்வாலெல்லாம் பறந்து, சர விளக்குகள் ஆடி, பேராயர் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாராம். காதர் பாயும் தெட்சிணாமூர்த்தியும் வாசலில் செருப்புகளுக்கு நடுவில் நின்று அழுதார்களாம். இருக்கட்டும். அதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். பாயில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கேட்டது இதுதான்: தன் பிள்ளை முதலில் கூப்பிட்டது, பிறகு கத்தியது, பிறகு வீறிட்டது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சலோமி கண்ணை மூடியிருந்தாள். டீச்சர் கண்ணை மூடியிருந்தார். தேவநேசன் கைகூப்பிக்கொண்டு நின்றான். அத்தனை பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வெள்ளைத் துப்பட்டிக்கு அடியில் மட்டும் ஒரு அசைவு. ஓரமாகத் துப்பட்டி விலகி, செத்துப்போனதாகப் படுத்திருந்த கெசியா ரெண்டு காதையும் ரெண்டு விரலால் அடைத்துக்கொண்டு, கண்ணீர் காதோரம் வழிய, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோயில் முழுக்க அவள் ஒருத்திக்குத்தான் அழுகை அழுகையாகக் கேட்டிருக்கிறது.

எப்சிபா எழுந்தாள்.

வாசலில் ஆசீர்வாதம் நின்றார். பழக்கத்தில் கையை வெளிப்பக்கம் நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், இத்தனை வருஷமும் தலையைக் குனிய வைத்த கையை, அதில் வாட்ச் கட்டியிருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கைய மடக்குங்க அண்ணே," என்றாள்.

அவர் மடக்கிக்கொண்டார். அவள் நடுப்பாதையில் நடந்தாள், கல்யாணத்தன்று நடந்த அதே பாதையில், அன்று கால் பின்னியது, இன்று பின்னவில்லை. ரவிக்கை நனைந்து புடவைக்கு வெளியே தெரிந்தது, அதை அவள் மறைக்கவில்லை. சலோமி கண்ணைத் திறந்து பதறினாள்.

"இருடி, இருடி, சித்த இரு, முடியப் போவுது!"

"இன்னும் ஒரே ஒரு வரி, எப்சி," என்றார் டீச்சர். "ஒரே ஒரு வரிதான். முந்நூறு வருஷமா யாரும் கேக்காதது!"

எப்சிபா பிள்ளையைத் தூக்கினாள். பலிபீடத்துப் படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் மூடி, மாரில் வைத்தாள். ஒரு குரல் அடங்கியது. இன்னொன்று அடங்கியது. ஆர்கன் குழாய்கள் மூச்சுவிட்டு ஓய்ந்தன. தாழ்வான குரல் அடங்கியது. கடைசியாக மெல்லிசுக் குரல் மட்டும் ஏறி, ஏறி, அடுத்த படியில் கால் வைக்கப் போகிற இடத்தில், பால் வாய்க்குப் போனதும் அப்படியே நின்றுவிட்டது.

கோயில் முழுக்க ஒரு பெரிய ஏக்கம் எழுந்தது. காலைத் தூக்கியவர்கள் கீழே வைக்க இடம் இல்லாதது மாதிரி நின்றார்கள். "முடிக்கலையே!" என்று யாரோ கத்தினார்கள். "என்ன பொம்பளை இவ!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அந்தக் கோயிலைக் கட்டினவன், யார் மெல்லப் பேசினாலும் கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும் என்று கட்டியிருந்தான். எப்சிபா மெல்லத்தான் பேசினாள்.

"பிள்ளை பசிச்சு அழுதான். இத்தனை பேருக்குக் காது இருக்கே, ஒருத்தருக்குக் கூடக் கேக்கலையா? இவன் அழுகையில பாட்டு கேட்டுச்சாம். அந்தா வெளியில பவுலினா புள்ளைங்க அழுதுங்க, அதுல என்ன கேக்குது? ஐயா, உங்களுக்கு? அதுல பாட்டு இல்லன்னா வெளிய போகணும், இருந்தா பட்டினி கிடக்கணும். அழறது எதுக்குன்னு கேக்க உங்க கோயில்ல ஒரு ஆள் இல்லையா?"

கடைசிச் சுரத்துக்காக எல்லார் காதும் விரியத் திறந்து கிடந்ததால், வெளியே பாயில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் அந்தத் திறந்த காதுகளுக்குள் நேராக வந்து விழுந்தது, இந்த வருஷத்துப் பிள்ளைகள் மட்டுமில்லை, எல்லா வருஷமும் வெளியே அனுப்பின பிள்ளைகளும் சேர்ந்து அழுகிற மாதிரி. முதலில் அசைந்தவர் தேவநேசன் இல்லை, ஐயரும் இல்லை, ஆசீர்வாதம்தான். வெளியே போய், பாயில் இருந்தவர்களைப் பார்த்து, கையை உள்பக்கம் நீட்டினார். பவுலினா ரெண்டு பிள்ளைகளோடும் உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, ரெண்டையும் ஒன்றாக அழவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். செத்துக் கிடந்த பத்துப் பிள்ளைகளும் துப்பட்டியை உதறிவிட்டு எழுந்து, அவரவர் அம்மாவைத் தேடி ஓடினார்கள்.

ஊர் எப்சிபாவைச் சீக்கிரம் மன்னித்துவிடவில்லை. அந்த நின்றுபோன இடம் எல்லார் தொண்டையிலும் முள்ளாக நின்றது. ஏலக்காரன் கூவுகிறபோது கடைசி விலையை ஏற்றத்திலேயே விட்டுவிட்டு முழிப்பான். தெட்சிணாமூர்த்தி மங்களம் வாசித்தாலும் கேட்கிறவர்கள் எழுந்திருக்காமல் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடையில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "சாமி குடுத்ததைக் கெடுத்தவ" என்று சலோமி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சட்டியிடம் சொன்னாள். அதைக் கேட்ட தேவநேசன், முதல் தடவையாக, "சட்டிகிட்ட ஏன்க்கா சொல்றே, என்கிட்ட சொல்லு" என்றான்.

அதற்குப் பிறகு பிள்ளை நாலு குரலில் அழவே இல்லை. 'ங்' என்று வாயைத் திறக்கிறபோதே அவள் வந்துவிடுவாள்.

ஒரு நாள் பிற்பகல் ரோஸ்லின் டீச்சர் வந்தார். இளைத்திருந்தார். ஹார்மோனியத்தில் எல்லாக் கட்டையையும் அழுத்திப் பார்த்துவிட்டார், எதுவும் அந்த முடிவுக்குப் பொருந்தவில்லை.

"ஒரே ஒரு தடவை, எப்சி. முடிவு மட்டும்."

"அந்தப் பத்துப் பேரோட பேரைக் கண்டுபிடிச்சிட்டு வாங்க டீச்சர்," என்றாள் எப்சிபா. நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

டீச்சர் போய்விட்டார். பலநாள் கழித்து, நடு வெயிலில், குடை இல்லாமல் திரும்ப வந்தார். வாசலில் நின்றபடியே, மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு பேராகச் சொன்னார். மரியா சோஃபியா, அவகூடப் பிறந்த யோகான் கிறிஸ்டோஃப், ரெட்டைப் பிள்ளைங்க, எப்சி, பவுலினா பிள்ளைங்க மாதிரி. லெயோபோல்ட். அப்புறம் கிறிஸ்டியானா சோஃபியா, கிறிஸ்டியான் கோட்லீப், எர்னஸ்டஸ், ரெகீனா... ரெகீனா பேரில் டீச்சர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "கெசியா வயசுகூட ஆகல," என்றார். பிறகு மீதி மூன்று பேரையும் சொல்லி முடித்தார்.

எப்சிபா நகர்ந்து வழிவிட்டாள். பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே, "கிட்ட வாங்க டீச்சர்" என்றாள்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து, குனிந்து, பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். ஒரு பஸ் போய், அடுத்த பஸ்ஸும் போனது. பிள்ளை குடித்துவிட்டு, காம்பை விட்டுவிட்டு, வாய் திறந்தபடியே தூங்கிப்போனது.

"ஒண்ணும் கேக்கலையே, எப்சி," என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர்," என்றாள் எப்சிபா. "வயிறு நெறஞ்சிடுச்சு."